பிள்ளையின் பெயரில் காசு, பெற்றோரின் அலுமாரியில் புத்தகம்

திருக்கோவிலுக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றிலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார்:

"ஐயா, எனது கணவர் வயல் செய்கிறார், நான் வீட்டில் தையல் தைக்கிறேன். பிள்ளைகள் இருவருக்கும் பிறந்த ஆண்டிலேயே சிறுவர் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தோம். மூத்தவனுக்குக் கடந்த வருடம் 18 வயது நிரம்பியது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வங்கிக்குப் போய், கணக்கை மாற்றி, அட்டையும் எடுத்து, இருந்த 305,000 ரூபாயில் 250,000 ரூபாயை மோட்டார் சைக்கிளுக்கு முற்பணமாகக் கட்டி, மீதிக்கு லீசிங் எடுத்துவிட்டான். கேட்டால், 'என்ட பேருலதானே கிடந்தது' என்கிறான். வங்கி எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டாமா? மகளுக்கு இப்போது 15 வயது. அவளுடைய கணக்கில் 286,000 ரூபாயும், என் அம்மா அவளுக்காகத் திறந்த இன்னொரு கணக்கில் 74,000 ரூபாயும் உள்ளன. 286,000 ரூபாயில் 160,000 ரூபாய் அவளுடைய சாமத்தியச் சடங்குக்கு வந்த என்வலப் காசு. பெரும்போகத்துக்கு உரமும் எண்ணெயும் வாங்க இரண்டு இலட்சம் எடுத்துத் தா, அறுவடை முடிந்ததும் போட்டுவிடுகிறேன் என்று கணவர் கேட்டார். வங்கி மறுத்துவிட்டது. சட்டத்தரணியிடம் கடிதம் வாங்கிப் போனால் தருவார்களா? மகளும் அண்ணனைப் போலச் செய்துவிடாமல், 18 வயதுக்குப் பிறகும் என் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி செய்ய வழி உண்டா?"

சகோதரிக்கு வணக்கம். மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட கிளைகளில் முப்பத்தொரு வருடம் வங்கிச் சேவையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரே குடும்பத்திலிருந்து ஒரே கடிதத்தில் மூன்றும் வந்தது இதுதான் முதல் தடவை. மூன்றுக்கும் விடை "இல்லை" என்பதே. ஆனால் ஒவ்வொரு "இல்லை"க்கும் காரணம் வேறு, அவற்றைத் தெரிந்துகொண்டால் மகளின் விடயத்தில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மகனின் விடயம். இலங்கையில் ஒருவர் பராயமடையும் வயது முன்பு 21 ஆக இருந்தது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதனை 18 ஆகக் குறைத்தது. சிறுவர் கணக்கில் பெற்றோர் போடும் கையெழுத்து, பிள்ளை தானே கையெழுத்திட முடியாத காலத்துக்கென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்து மட்டுமே. பதினெட்டாவது பிறந்தநாளோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளை தேசிய அடையாள அட்டையுடன் வந்து, படிவம் நிரப்பி, மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்தால் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறும். அதன்பின் அதிலுள்ள பணத்தைக் கொடுக்க மறுப்பதற்கு வங்கிக்கு எந்த உரிமையும் இல்லை. உங்களிடம் கேட்டிருக்க வேண்டாமா என்றால், கேட்கக்கூடாது என்பதுதான் சரியான விடை. 1988ஆம் ஆண்டின் வங்கித் தொழிற் சட்டத்தின்படி ஒவ்வொரு வங்கி ஊழியரும் வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கதிரையில் அமர்கிறார். உங்கள் மகன் பணம் எடுத்த மறுநாள் நீங்களே கிளைக்குப் போய் மீதி எவ்வளவு என்று கேட்டிருந்தாலும், பதினெட்டு வருடமாக அந்தக் கணக்குக்குக் காசு கட்டிய உங்களுக்குக்கூட அதைச் சொல்ல அவர்களால் முடிந்திருக்காது. அது கடுமையாகத் தோன்றும்தான். ஆனால் நாளைக்கு உங்கள் தையல் காசின் விவரத்தை வேறொருவர் கேட்டு வந்தாலும் காப்பது அதே விதிதான்.

மகன் சட்டத்துக்கு முரணாக எதுவும் செய்யவில்லை. சொல்லாமல் செய்தது உங்கள் மனதுக்குப் பெரிய அடி என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பதினெட்டு வருடத்தில் அவன் தன் புத்தகத்தை எத்தனை தடவை கையில் எடுத்துப் பார்த்திருப்பான்? நம் வீடுகளில் அது அலுமாரியில், கூறைச்சாறிக்கு அடியில், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடும் காணி உறுதியோடும் சேர்த்து வைக்கப்படுவது. பிள்ளைக்கு அப்படியொன்று இருக்கிறதென்று தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது.

கல்முனைக் கிளையில் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை காலையில் தகப்பனும் மகளுமாக வந்தார்கள். புத்தகம் தகப்பனின் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மகளின் மாதிரிக் கையெழுத்து வேண்டும் என்று படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். "அவளுக்கு என்ன தெரியும் சேர், நான் வைக்கிறன்" என்று தகப்பன் பேனாவை எடுத்தார். இனி அவர் வைக்க முடியாது என்று விளக்கி, புத்தகத்தை வாங்கி மகளிடமே கொடுத்தேன். நின்ற நிலையில் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வருடமும் சித்திரை நடுப்பகுதியில் ஒரு நூறு, ஒரு இருநூறு என்று ஏறியிருந்தது. ஒரு வரியில் விரலை வைத்து, "இது ஆர் போட்டது?" என்றாள். "உன்ட பெரிய மாமா, கைவிசேடம்" என்றார் தகப்பன். அந்த மாமா கடலில் போய்விட்டார் என்பதை இருவரும் பேசிக்கொண்டதிலிருந்து அறிந்தேன். அன்று அவள் ஒரு சதமும் எடுக்கவில்லை. பழைய புத்தகத்தைத் தனக்கே தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். மூலையை வெட்டி, செல்லுபடியாகாது என்று முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அவள் எடுக்காமல் போனதற்குத் தகப்பன் இறுக்கிப் பிடித்ததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை; அந்த வரிகளை வாசித்ததுதான் என்றே நினைக்கிறேன். உங்கள் மகன் அவற்றை வாசிக்காமலே 305,000 என்ற ஒற்றை எண்ணை மட்டும் இயந்திரத்தின் திரையில் பார்த்தான்.

இன்னொன்று: போன 250,000 ரூபாயைவிட மீதிக்கு எடுத்த லீசிங்தான் இப்போது உங்களுடைய அவசர விடயம். குத்தகை முடியும் வரை வண்டியின் முழுமையான உரிமையாளராகப் பதிவில் இருப்பது நிதிக் கம்பனியே. தவணைகள் பிந்தினால் வண்டியைத் தூக்குவார்கள். கட்டிய முற்பணம் வண்டியோடு போய்விடும். கோபத்தில் "நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடாமல், ஒப்பந்தத்தை வாங்கி மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், பிந்தினால் வட்டி எவ்வளவு என்று மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள். பிணையாளராகக் கையெழுத்திட்டுத் தரும்படி யாரும் உங்கள் கணவரிடம் கேட்டால், அதை வாசிக்காமல் வைக்க வேண்டாம்.

இனி, கணவர் கேட்ட இரண்டு இலட்சம். பெரும்பாலான வங்கிகளின் சிறுவர் கணக்கு விதிகளில், 18 வயதுக்கு முன் பணமெடுக்க இரண்டு வாசல்கள் மட்டுமே திறந்திருக்கும்: பிள்ளையின் கல்வி, பிள்ளையின் வைத்தியம். அதற்கும் பாடசாலையின் அல்லது நிறுவனத்தின் கடிதம், கட்டணச் சிட்டை, வைத்தியரின் அறிக்கை என்று ஆதாரம் கேட்பார்கள். சில வேளை பணத்தை உங்கள் கையில் தராமல் நேரே அந்த நிறுவனத்தின் பெயருக்கே எழுதிக் கொடுப்பார்கள். உரம் அந்த இரண்டிலும் அடங்காது. சட்டத்தரணியின் கடிதமோ சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியோ இதனை மாற்றாது, ஏனெனில் அவை நீங்கள் சொல்வதை எழுத்தில் வைப்பவையே தவிர அனுமதி தருபவை அல்ல. தாய் தகப்பன் பிள்ளையின் இயல்பான பாதுகாவலர்கள் என்பது உண்மை. ஆனால் நமது பகுதிக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில் பாதுகாவலர் என்பவர் பிள்ளையின் சொத்தைப் பிள்ளையின் நன்மைக்காகப் பராமரிப்பவர், சொந்தக்காரர் அல்லர். விதிகளைத் தாண்டி எடுக்க வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றம்தான் போக வேண்டும், அங்கும் முதலில் கேட்கப்படுவது இதனால் பிள்ளைக்கு என்ன நன்மை என்பதே. வழக்குச் செலவையும் நாட்களையும் கணக்கிட்டால் அதற்குள் இரண்டு போகம் போய்விடும்.

மறுத்த அந்த உத்தியோகத்தர் மேல் கோபிக்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு தாய் தகப்பன் இருவரையும் இழந்த ஒரு பையனுக்காக அவனுடைய பெரியம்மா எங்கள் கிளைக்கு வந்தார். புத்தகமும் வீட்டோடு கடலுக்குப் போய்விட்டது. கணக்குப் பதிவு எங்களிடம் இருந்ததால் காசு பத்திரமாக இருந்தது. ஆனால் வளர்ப்பவர் என்பதற்காக மட்டும் பெரியம்மாவிடம் அதைக் கொடுக்க எங்களால் முடியவில்லை. நீதிமன்றக் கட்டளை கொண்டு வாருங்கள் என்றபோது அவர் கருமபீடத்தின் முன்னாலேயே அழுதார், எனக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது. அவர் நேர்மையானவர் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் அதே மாதம் வந்த ஓர் உறவினர், வேறொரு பிள்ளையின் காசுக்கு வந்தவர், அப்படி இருக்கவில்லை. இருவருக்கும் ஒரே விதி இருந்ததால்தான் இரண்டாவது பிள்ளையின் காசு தப்பியது.

கணவரின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. வங்கியில் காசு தூங்குகிறது, வயலில் போட்டால் விளையும் என்பது அவருடைய வாதமாக இருக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதத்துக்கு ஏறியிருந்தது. அதாவது முந்திய வருடம் அதே மாதம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 1,698 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் சேமிப்புக் கணக்கில் கிடந்த ஒவ்வொரு பிள்ளையின் காசும் தன் பெறுமதியில் பெரும் பங்கை இழந்தது. எனவே காசு தூங்கினால் தேயும் என்று அவர் சொன்னால் அது சரியே. ஆனால் அறுவடை முடிந்ததும் போட்டுவிடுவேன் என்ற வாக்குறுதியை அவர் மட்டும் காப்பாற்ற முடியாது. மழையும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். 2024 நவம்பர் வெள்ளம் அம்பாறை மாவட்ட வயல்களை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. நெல்லுக்கு விலை கிடைக்காத வருடமும் உண்டு. அறுவடைக் காசு கைக்கு வரும்போது உரக்கடைக் கடன், வெட்டு மெசின் கூலி, அடுத்த போகத்து விதைநெல் என்று வரிசை நிற்கும். கடன்காரர்களில் வாய் திறந்து கேட்காதவள் மகள் ஒருத்திதான், ஆகவே அவளுக்குரியது எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும்.

உரத்துக்கான வழிகளை நீங்கள் அறிவீர்கள். கமநல சேவை நிலையத்தின் ஊடாக வரும் உர மானியம் 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது உரம் போட வேண்டிய நாளுக்குக் கைக்கு வந்து சேரும் என்று நம்பிக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். அரச வங்கிகளில் பயிர்ச்செய்கைக் கடன் கேட்கலாம். உங்களிடம் நகை இருந்தால், நான்கைந்து மாதத்துக்கு அடைவு வைப்பது பிள்ளையின் காசில் கை வைப்பதைவிட நேர்மையான கடன். அதற்கு ஒரு துண்டு உண்டு, ஒரு திகதி உண்டு, தவறினால் நகை போகும் என்ற பயமும் உண்டு.

அந்த என்வலப் காசு 160,000 ரூபாயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் வீட்டுச் சண்டையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். சாமத்தியச் சடங்குக்கு வந்த என்வலப்புகளைப் பிரித்து, யார் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பீர்கள். அந்தக் கொப்பி உண்மையில் ஒரு கடன் பேரேடு. ஐயாயிரம் வைத்தவர் வீட்டில் கலியாணம் வந்தால் நீங்கள் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். அதை வைக்கப்போவது மகள் அல்ல, நீங்களும் கணவருமே. ஆகவே "இது எங்கள் காசு" என்று கணவர் எண்ணுவதில் ஊர் வழக்கத்தின்படி பிழையில்லை. சடங்கு முடிந்த மறுநாள் அந்தக் காசை உங்கள் பெயரில் போட்டிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதை மகளின் கணக்கில் போட்டீர்கள். போட்ட அந்த நிமிடம், வங்கியைப் பொறுத்தவரை, ஊர் வழக்கத்தின் கதை முடிந்து அவளுடைய காசின் கதை தொடங்கிவிட்டது. வைப்புத் துண்டில் "தற்காலிகமாக" என்று எழுத இடமில்லை.

மூன்றாவது கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. நமது பகுதியில் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குப் போவதால், எழுதிக் கொடுக்கும் கலை நமக்கு நன்றாகத் தெரியும். மகளுக்கு வீட்டை எழுதும்போது தாய் தகப்பன் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். வீடு மகளுடையது, ஆனால் தாங்கள் உயிரோடு இருக்கும் வரை அதில் இருக்கவும் அனுபவிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. நொத்தாரிசிடம் போய் அப்படி எழுதிப் பழகிய நாம், வங்கிக் கணக்கையும் அதே மனதோடு திறக்கிறோம்: பெயர் பிள்ளைக்கு, பிடி எங்களுக்கு என்று. சிறுவர் கணக்கில் சீவிய உருத்து என்று ஒன்று இல்லை. முழுதாகக் கொடுத்தது கொடுத்ததுதான். 18 வயதுக்குப் பிறகும் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று இன்று எந்தப் படிவத்திலும் எழுதி வைக்க முடியாது. அவள் பராயமடைந்த பின், அவளே விரும்பினால், இருவரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கொன்றைத் திறந்து அதற்கு மாற்றலாம். அது அவளுடைய சம்மதத்தில் நடப்பது, உங்கள் கட்டளையில் நடப்பது அல்ல.

ஆனால் இனிமேல் சேர்க்கப்போகும் காசில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. மகளுக்கு வீடு கட்டச் சேர்க்கும் காசை அவளுடைய சிறுவர் கணக்கில் போடவே வேண்டாம். அவளுக்கு 17 வயதில் அத்திவாரம் போட நேர்ந்தால், சீமெந்து வாங்கக்கூட அதை எடுக்க முடியாமல் நிற்பீர்கள். அதை உங்கள் பெயரில் நிலையான வைப்பாக வைத்து, பின்னுரித்தாளராக மகளின் பெயரைக் கொடுங்கள். நீங்கள் இருக்கும் வரை பிடி உங்களிடம். உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் அவளுக்கு. சீவிய உருத்துக்கு வங்கியில் கிடைக்கக்கூடிய மிக அண்மையான ஏற்பாடு இதுதான். உறவினர் கைவிசேடமாகக் கொடுப்பது, பரிசாகக் கிடைப்பது, அவளே உண்டியலில் சேர்ப்பது ஆகியவை மட்டும் அவளுடைய கணக்குக்குப் போகட்டும். இந்த வேறுபாட்டைப் பிள்ளை பிறந்த வருடத்தில் யாராவது சொல்லியிருந்தால் நல்லது என்று நினைப்பீர்கள். கணக்குத் திறக்கும் நாளில் நாங்கள் உண்டியலும் பாடசாலைப் பையும் கொடுத்தோமே தவிர, இதைச் சொல்லவில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

இருக்கின்ற 286,000 ரூபாயைத் தேயவிடாமல் செய்யவும் வழியுண்டு. அதில் ஒரு பகுதியை மகளின் பெயரிலேயே நிலையான வைப்பாக மாற்ற முடியுமா என்று கிளையில் கேளுங்கள். நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த 2022, 2023 காலம் போய்விட்டது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஏனெனில் சில சிறுவர் கணக்குகளின் வட்டி சாதாரண சேமிப்பைவிடக் கூடுதலாக இருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். காசின் பாதுகாப்பைப் பற்றிக் கணவருக்குக் கவலை இருந்தால், வங்கி வைப்புகளுக்கு மத்திய வங்கியின் காப்புறுதித் திட்டத்தில் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் மகளின் தொகை அதற்கு மிகக் கீழே. கல்முனை, நிந்தவூர், காத்தான்குடிப் பக்கத்துச் சகோதரர்கள் பிள்ளைகளுக்கு வட்டியில்லாத முழாரபா கணக்குகளைத் திறப்பதுண்டு. அங்கு இலாபப் பங்கு என்பதைத் தவிர, பணம் பிள்ளையுடையது என்ற நிலையில் மாற்றமில்லை.

மகளைப் பற்றி இனி. அவளுக்கு 15 வயது; தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது. பூட்டுப் போடும் வழியைத் தேடுகின்ற நீங்கள், இன்னும் மூன்று வருடம் கையில் இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு இலட்சம் விடயத்தை அவளுக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் பேசியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். நம் வீடுகளில் சுவர் மெல்லியது. 18 வயதானதும் முதல் வேலையாக அவள் பணத்தை எடுத்துவிடக்கூடும் என்றால், அதற்கு அண்ணனின் மோட்டார் சைக்கிளைவிட, விட்டுவைத்தால் அப்பா எடுத்துவிடுவார் என்ற எண்ணமே பெரிய காரணமாக இருக்கும். ஆகவே கணவரே அவளிடம் நேரில், வயலுக்கு உன் காசைக் கேட்டேன், வங்கி தரவில்லை, இனிக் கேட்கமாட்டேன் என்று சொல்வது நல்லது. தகப்பன்மாருக்கு இது இலகுவல்ல என்று எனக்குத் தெரியும். என் மகளிடம் வேறொரு விடயத்துக்காக இதைப் போன்ற ஒன்றைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அடுத்ததாகப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுங்கள். அவள் அதை வைத்துப் பணமெடுக்க முடியாது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. சம்பள நாட்களையும் ஓய்வூதிய நாட்களையும் தவிர்த்து, பாடசாலை விடுமுறையில் ஒரு கிழமை நாளில் அவளையும் அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய், புத்தகத்தைப் பதிவு செய்வித்து, வட்டி எப்படி ஏறுகிறது என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல அங்கு நேரமில்லாதவர் இருந்தால் இன்னொருவரிடம் கேளுங்கள். வீட்டில் அவளுடைய சிறு செலவுகளுக்கு, பேருந்துக் காசு, கொப்பி, சவர்க்காரம் என்று, மாத ஆரம்பத்தில் ஒரே தொகையாகக் கொடுத்து, அது இருபதாம் திகதியே முடிந்துபோனால் மேலதிகமாகக் கொடுக்காமல் இருந்து பாருங்கள். இருநூறு ரூபாயில் பிழைவிட்டுப் பழகியவர்களை நான் கருமபீடத்தில் அடையாளம் கண்டிருக்கிறேன். மூன்று இலட்சத்தைப் பார்த்ததும் அவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள், உடனே படிவத்தை நிரப்பமாட்டார்கள். அதையும் மீறி அவள் 18 வயதில் எல்லாவற்றையும் எடுத்துத் தனக்குப் பிடித்த ஒன்றை வாங்கினால், அது அவளுடைய காசு. அந்தச் சாத்தியத்தை ஏற்க முடியாதென்றால், இனிப் போடவிருக்கும் காசை உங்கள் பெயரில் போடுங்கள் என்பதற்கு மேல் என்னிடம் ஆலோசனை இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அம்மா திறந்த 74,000 ரூபாய்க் கணக்கில் பாதுகாவலராக யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். அவருக்குப் பிற்பாடு அந்தக் காசு எங்கும் போய்விடாது, அது பேத்தியுடையதே. ஆனால் கல்விச் செலவுக்கென்று இடையில் தேவைப்பட்டால், கையெழுத்துக்காரர் இல்லாத கணக்கைத் திறக்க இறப்புச் சான்றிதழ், பிறப்பத்தாட்சிப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று பல நடை நடக்க வேண்டி வரும். அம்மம்மா முச்சக்கரவண்டியில் ஏறி இறங்கக்கூடிய இப்போதே அவரையும் மகளையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போய், பாதுகாவலராக உங்கள் பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ செய்யுங்கள். போகும்போது உங்கள் இருவரின் அடையாள அட்டைகள், மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதி, இரண்டு புத்தகங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போட்டோப் பிரதியை வெளியில் எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பதால், முன்கூட்டியே இரண்டு பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.